ஆனந்தபாயின் நர்சரியில் தேன்நிற வண்டு

"நான் எரிக்க மாட்டேன் டீச்சர். அத முதல்லயே சொல்லியேன்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆனந்தபாய் இதைச் சொல்லிவிட்டார். நனைந்த குடையை வாசலில் சாய்த்து வைத்து, துணிப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தது. உள்ளே ஒரு மிளகு இலையும், சுண்டுவிரல் நகத்தளவில் ஏழெட்டு வண்டுகளும் இருந்தன. மெழுகு பூசியதுபோன்ற பளபளப்பு, தேன் நிறம்.

குமாரி டீச்சர் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். இலையைத் தின்னும் வண்டுகளே அவருடைய ஆராய்ச்சி. எந்த வண்டு எந்தச் செடியைத் தின்னும், எதைத் தொடவும் தொடாது என்று வருடக்கணக்காகப் பார்த்து வந்தவர். ஒரு முறை அரிசிக் கிடங்குத் தகராறு ஒன்றிலும், இன்னொரு முறை பழைய கட்டில் ஒன்றை விற்ற தகராறிலும் பூச்சியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். அதிலிருந்து அதியன்னூரில் அவருடைய வீட்டுக்கு இப்படி ஆட்கள் வருவது வழக்கமாகிவிட்டது. அவருக்குத் துணை ஜித்தின். கல்யாண வீடுகளில் படம் எடுப்பது அவன் தொழில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் டீச்சருக்காக வண்டுகளைப் படம் எடுப்பான். டீச்சர் ஒரு விஷயத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அவன் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடுவான், பெரும்பாலும் தப்பாக.

ஆனந்தபாய்க்கு ஒற்றசேகரமங்கலத்தில் நல்லமிளகு நர்சரி. கொடியை வெட்டி, கவரில் மண் நிரப்பி நட்டு, பச்சை நிழல் வலைக்கு அடியில் வேர்பிடிக்க வைத்து விற்கிறார். அந்த வேர்பிடித்த நாற்றுகளை, ஊர்ப்பேச்சில் தைகளை, வாங்கப் பெருங்கடவிளையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் ஆள் வரும். கணவர் இறந்த பிறகு ஒற்றையாளாக நின்று உண்டாக்கிய நர்சரி அது.

இந்த மழைக்காலம் தொடங்கியதும் அவருடைய பக்கத்துத் தோட்டக்காரர் பொன்னப்பனின் மிளகுக்கொடிகள் வாடி விழுந்தன. அதற்குக் கீழே உள்ள விளைகளிலும் அப்படியே ஆயிற்று. ஊர் விவசாயிகள் சங்கத்தின் தலைவர் சிஜு நர்சரிக்கு வந்து பார்த்தார். முதல் நாள் அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. மறுநாள் காலை சங்கத்து ஆட்களோடு வந்தபோது தைகளின்மேல் இந்த வண்டுகள் இருந்தன, இலைகளில் ஓட்டைகள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கமே வந்து அவ்வளவு தைகளையும் எரிக்கும் என்று தீர்மானம் ஆயிற்று. இனி அவரிடம் யாரும் தை வாங்கக் கூடாது என்றும்.

சிஜு வாட்ஸாப் குழுவில் போட்ட குரல்செய்தியை ஆனந்தபாய் போனில் ஓடவிட்டார்.

"எல்லாரும் கவனிக்கணும். இது வெளிய இருந்து வந்த புது வண்டாக்கும். ஆனந்தபாய்க்க நர்சரியில இருந்துதான் பரவுது. கண்ட எடத்தில கொல்லணும். அதுக்க புழு, சொந்த சாணிய முதுகில சொமந்துட்டு இலையில கிடக்கும், கை பட்டா நாறும். பிள்ளைய தொடாம பாத்துக்கணும்."

ஜித்தின் முகத்தைச் சுளித்தான். டீச்சர் குப்பியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். வண்டின் பின்னங்கால் தொடை தவளையின் தொடையைப்போலத் தடித்திருந்தது. குப்பிக்குள் கிடந்த மிளகு இலை வாடியிருந்ததே தவிர அதில் ஒரு கடியும் இல்லை.

எப்போது இவற்றைப் பிடித்தீர்கள் என்று கேட்டார். நேற்றுக் காலையில் என்றார் ஆனந்தபாய். நர்சரியில் புழு ஏதாவது கண்டீர்களா என்று கேட்டார். இல்லை, வண்டு மட்டும்தான் என்றார்.

வண்டு கண்ணில் படுவதற்கு முந்தின நாள் வலைக்குள் யார் யார் வந்தார்கள் என்பதுதான் டீச்சரின் அடுத்த கேள்வி. மூன்று பேர். காலையில் பொன்னப்பன் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் ரெஷ்மா வந்தாள். முன்பு ஆனந்தபாயிடம் வேலை பார்த்து, இப்போது தனியாக நர்சரி நடத்துகிறவள், விட்டுப்போன கத்தரியை எடுக்க வந்தாளாம். சாயங்காலம் சிஜு வந்து பார்த்தார். ஆனந்தபாய் அவருக்குக் கட்டன்சாயா போட உள்ளே போயிருந்தார்.

"ரெஷ்மாதான்," என்றான் ஜித்தின். "இவங்களுக்க நர்சரி பூட்டினா லாபம் அவளுக்காக்கும். கையில கத்தரி வேற."

டீச்சர் குப்பியைத் தன் பையில் வைத்தார். குடையை எடுத்தார்.

நர்சரியில் வலைக்கு அடியில் வரிசையாகத் தைகள் நின்றன. ஓட்டை விழுந்தவை ஒரு மூலையில்தான் இருந்தன. டீச்சர் குனிந்து, கவர்களுக்கு அடியில் விரித்திருந்த வெள்ளைச் சாக்கைப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது. தளிர்களைப் பார்த்தார், அவை முழுசாக இருந்தன. ஓட்டைகள் எல்லாம் கீழே இருந்த முற்றிய இலைகளில். ஒரு இலையை நடு நரம்பில் இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஜித்தினைப் படம் எடுக்கச் சொன்னார். இன்னொன்றையும் மடித்துப் பிடித்தார். அவன் எடுத்தான். மடித்த இலையில் ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவுதான் அவனுக்குப் புரிந்தது.

"இவ்வளவு தையையும் எரிச்சா நீங்க என்ன செய்விய அக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"எரிச்சாத்தான அத நினைக்கணும்?" என்றார் ஆனந்தபாய். "வாசல்ல கசேர போட்டு இருப்பேன். எரிக்கணுமெங்கில் என்னையும் கூட்டி எரிக்கட்டும். சர்ச்சில இருந்து போதகர் அய்யரும் வந்து, கொஞ்சம் தாழ்ந்து போவச் சொன்னாரு. செய்யாத தப்புக்கு நான் எதுக்கு தாழணும்?"

பொன்னப்பனின் விளை நர்சரியை ஒட்டித் தாழ்வாகக் கிடந்தது. அவர் வேலிப்பக்கம் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சாட்சி சொல்ல வந்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். டீச்சர் அதற்குக் கோபப்படவில்லை. வாடிய கொடியைக் காட்டச் சொன்னார்.

பலாமரத்தில் ஏறியிருந்த கொடி கறுத்துத் தொங்கியது. அடியில் இலைகள் உதிர்ந்து கிடந்தன. டீச்சர் ஒரு கை அள்ளிப் புரட்டினார். எல்லாம் முழு இலைகள். ஓட்டையோ கடித்த ஓரமோ எதிலும் இல்லை. கொடியின் தூரில் மண்ணைக் கிளறினார். வேர் கறுத்து, விரலில் நசுங்கியது, அழுகல் வாடை. அவருடைய கால் கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது.

"இஞ்ச எப்பவும் தண்ணி நிக்குமா?" என்று கேட்டார்.

"இதுக்கு முன்ன நின்னதில்ல," என்றார் பொன்னப்பன். குரல் தணிந்திருந்தது. "அங்க ஒரு தோடு உண்டு, சின்ன ஓடையாக்கும். மழைத்தண்ணி அதில எறங்கிப் போயிரும். இந்த வருசந்தான் இப்பிடி."

இந்தக் கொடிகளை ஆனந்தபாயிடமிருந்தா வாங்கினீர்கள் என்று டீச்சர் கேட்டார். இல்லை, இது அப்பா காலத்துக் கொடி என்றார். வண்டு பறந்து வந்ததாகத்தான் சிஜு சொன்னாராம். அந்த வண்டை உங்கள் கொடியில் கண்டீர்களா என்றதற்கு, கண்டதில்லை என்றார். மிளகு நட்டுப் பழகிய இத்தனை காலத்தில் அப்படி ஒரு வண்டையே பார்த்ததில்லை. அதனால்தான் புது வண்டு என்று நம்பியதாகச் சொன்னார்.

ரெஷ்மாவின் நர்சரி ஊரின் மறு பக்கம். ஜித்தின் வழியெல்லாம் அவளிடம் கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினான். அவளோ டீச்சர் நீட்டிய குப்பியைப் பார்த்துவிட்டு, இது என்ன வண்டு என்று இவர்களையே கேட்டாள். தன்மேல் சந்தேகம் இருப்பது தெரிந்ததும் அவள் முகம் சிவந்தது.

"மிளகுக்கு கேடு வருத்தணும்ணு நினைச்சா நான் பொள்ளு வண்ட விட்டிருப்பேன் டீச்சர். அது எள்ளு போல இருக்கும், ஒருத்தருக்கும் கண்ணுல படாது. இத்தற பெரிய வண்ட கொண்டு வைக்கியதுக்கு எனக்கென்ன கிறுக்கா? அந்த அக்காட்டதான் நான் தொழில் படிச்சது."

திரும்பும்போது டீச்சர் வண்டியை அடிக்கடி நிறுத்தச் சொன்னார். நிறுத்திய இடங்களில் எல்லாம் யாருடைய வீட்டு முற்றத்திலோ ஒரு குடம்புளி மரம் நின்றது. மீன்குழம்புக்குப் புளி தரும் மரம். இந்தப் பக்கம் அநேக வீடுகளில் உண்டு. டீச்சர் கிளையை வளைத்து இலையைப் பார்ப்பார், விட்டுவிடுவார், ஏறிக்கொள்வார். எதிலும் ஒரு கடி இல்லை. ரெஷ்மாவை விட்டுவிட்டு மீன்புளி மரம் தேடுவது எதற்கு என்று ஜித்தினுக்கு விளங்கவில்லை.

கடைசியில் பொன்னப்பனின் விளைக்குக் கீழே, ரோட்டோரம், செம்மண் அடித்து நிரப்பிய ஒரு பெரிய இடத்தை வந்தடைந்தார்கள். ஒரு பக்கம் ஜேசிபி நின்றது. கல்யாண ஆடிட்டோரியம் வரப்போகிறது என்று பலகை வைத்திருந்தது. அந்த மண்மேட்டின் ஓரத்தில், வேலைக்காரர்கள் கஞ்சி குடிக்க நிழலுக்காக விட்டு வைத்த ஒரு குடம்புளி மரம். அதன் தாழ்ந்த கிளைகளில் தளிர் என்று எதுவும் மிஞ்சவில்லை. நரம்பு மட்டும் நின்றது. சில இலைகளில் பளபளவென்று கருஞ்சேற்று உருண்டை போல ஏதோ ஒட்டியிருந்தது. ஜித்தின் கேமராவை நெருங்கக் கொண்டுபோனபோது உருண்டை நகர்ந்தது.

"படம் எடுத்துக்கோ மக்கா," என்றார் டீச்சர். "மரத்தயும், அதுக்க பொறத்த இருக்க பலகையயும் ஒரே படத்தில எடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆனந்தபாய் சொன்னபடியே நர்சரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சங்கத்து ஆட்கள் டீசல் கேனோடு வந்து நின்றார்கள். பொன்னப்பனும் இருந்தார், ரெஷ்மாவும் தானாகவே வந்திருந்தாள். சிஜு வெள்ளை வேட்டியில், யாரிடமும் கோபப்படாத மனிதராக, அக்கா எழுந்து வழிவிட வேண்டும், ஊர் நன்மைக்குத்தானே என்று கேட்டுக்கொண்டார். ஆனந்தபாய் அசையவில்லை.

குமாரி டீச்சர் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் தெரியும்படி சுவர்மேல் வைத்தார். உள்ளே ஒரு மிளகுத் தளிரையும் வேறொரு மரத்தின் தளிரையும் வைத்து, குப்பியில் இருந்த வண்டுகளைத் தட்டிவிட்டார். குப்பியில் அன்றாடம் புது மிளகு இலை போட்டும் இவை ஒரு கடி கடிக்கவில்லை என்று சொன்னார். எரிப்பதற்கு முன் சற்று நேரம் இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருங்கள், அதற்குள் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

ஜித்தின் போனில் முதல் படத்தைக் காட்டினான். டீச்சர் பேசினார்.

"இது இந்த நர்சரி இலையாக்கும். நடு நரம்பில மடிச்சா, அந்தப் பக்கத்து ஓட்டையும் இந்தப் பக்கத்து ஓட்டையும் அச்சு மாறாம ஒண்ணுக்க மேல ஒண்ணு வருது. ஒரு இலையில அப்பிடி வந்தா தற்செயல்ணு விடலாம். பாத்த எல்லாத்திலயும் அப்பிடித்தான். எந்த வண்டு இலைய மடிச்சு வச்சு கடிக்கும்? தளிரா சுருண்டு இருக்கும்போ கடிச்சதுண்ணு சொல்லலாம். அப்பிடின்னா ஓரம் காஞ்சு தழும்பாயிருக்கும். இது புது வெட்டு. ஆரோ இலைய மடிச்சு கத்தரியால வெட்டியிருக்காங்க."

எல்லோரும் ரெஷ்மாவைப் பார்த்தார்கள். ஜித்தினும் தன்னை அறியாமல் பார்த்தான்.

"ரெஷ்மா இல்ல," என்றார் டீச்சர். "தின்னியதுக்கு வந்த வண்டு எடத்த அழுக்காக்கும். சாக்கில ஒரு பொட்டு கழிவு இல்ல. வண்டு தின்னியது தளிர. இஞ்ச வெட்டியிருக்கது முத்தின இலைய. மிளகு அறிஞ்ச ஆளு இந்தத் தப்ப செய்யாது. ரெஷ்மாவும் அறிஞ்ச ஆளு, பொன்னப்பன் அண்ணனும் அறிஞ்ச ஆளு."

சிஜு சிரித்தார். டீச்சர் படித்தவர், பெரிய பெரிய காரியம் சொல்வார், கொடி செத்துப்போனது மட்டும் பொய்யா என்று கேட்டார்.

"கொடி செத்தது மெய்யாக்கும்," என்றார் டீச்சர். "அதுக்கு வாறேன். அதுக்கு முன்ன நீங்க குழுவில போட்டத ஒருக்கா கேப்போம்."

ஜித்தின் குரல்செய்தியை ஓடவிட்டான். சொந்த சாணியை முதுகில் சுமக்கும் புழு என்ற இடத்தில் டீச்சர் நிறுத்தச் சொன்னார்.

"சொன்னது சரிதான். இந்த வண்டுக்க புழு அப்பிடித்தான் இருக்கும். ஆனா இந்த நர்சரியில ஒருத்தரும் புழு காணல்ல. பொன்னப்பன் அண்ணனுக்க விளையிலயும் காணல்ல. நீங்க எங்க கண்டிய?"

சிஜு வேட்டி நுனியைச் சரிசெய்தார். நெட்டில் பார்த்திருப்பேன் என்றார் பிறகு.

"நெட்டில பாத்திருந்தா, இது கொடம்புளிய தின்னிய வண்டுண்ணும் அதில இருந்திருக்கும்."

கூட்டத்தில் யாரோ பெட்டியைக் காட்டினார்கள். வண்டுகள் மிளகுத் தளிரின்மேல் ஏறி, இறங்கி, நடந்து, மறுபக்கம் போய்ச் சேர்ந்திருந்தன. குடம்புளித் தளிரின் ஓரம் பிறைபோலக் குறைந்திருந்தது. பொன்னப்பன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பட்டினி கிடந்த வண்டுகள் தலையெடுக்காமல் தின்றன. மிளகு இலை வைத்தபடியே இருந்தது.

டீச்சர் இரண்டாவது படத்தைக் காட்டச் சொன்னார். தளிர் தின்னப்பட்ட மரம், கருஞ்சேற்றுப் புழு, அதற்குப் பின்னால் ஆடிட்டோரியத்தின் பலகை, அதில் சிஜுவின் பெயர்.

"வழியில கண்ட கொடம்புளி எல்லாம் பாத்தேன். புழு இருக்கது இந்த ஒரு மரத்திலதான். இவருக்க வேலைக்காரங்ககிட்ட கேட்டேன். கஞ்சியில புழு விழுதுண்ணு இவருகிட்ட குறை சொன்னதா சொன்னாங்க. அங்க கண்டதத்தான் இவரு குழுவில சொன்னது. அங்க இருந்துதான் வண்ட பிடிச்சது. அக்கா சாயா போட உள்ள போன நேரத்தில கொண்டு விட்டாச்சு, இலையயும் வெட்டியாச்சு."

"எதுக்கு?" என்று கேட்டது பொன்னப்பன். "இவளோட அவனுக்கு என்ன பகை?"

"பகை இவங்களோட இல்ல. உங்க கொடிக்க வேர் அழுகினது தண்ணி நின்னு. தண்ணி நின்னது தோடு மூடினதால. தோடு எங்க போச்சுண்ணு அந்தப் படத்தில பாருங்க. மரத்துக்க கீழ தோட்டுக்க கரைக் கல்லுக்கெட்டு கொஞ்சம் தெரியுது. பாக்கி எல்லாம் செம்மண்ணுக்க அடியில. அத நீங்க கேக்கியதுக்கு முன்ன இவருக்கு வேற ஒரு காரணம் வேண்டியிருந்தது."

பொன்னப்பன் சிஜுவையே பார்த்துக்கொண்டு நின்றார். டீசல் கேன் வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்தார். சிஜுவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தெரியாமல் ஏதோ நடந்துபோயிற்று, சரி, எரிக்க வேண்டாம், சங்கம் தீர்மானத்தை விட்டுவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். சிலர் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

ஆனந்தபாய் முதன்முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஆரும் போவண்டாம்," என்றார். "எரிக்கணும்ணு சொல்லியதுக்கு எல்லாரும் வந்தியல்லா? இதுக்கும் வாங்க."

வலைக்குள் போய் ஒரு மண்வெட்டியை எடுத்துவந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் வாசலைக் கடந்து, சரிவில் இறங்கி, செம்மண் மேட்டை நோக்கி நடந்தார். ரெஷ்மா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினாள். ஜித்தின் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனான். டீச்சர் புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு இறங்கினார். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தபடி கொஞ்சம் தயங்கிவிட்டுக் கூடவே வந்தது.

கல்லுக்கட்டு தெரிந்த இடத்தில் ஆனந்தபாய் முதல் வெட்டு வெட்டினார். மண் இறுகிக் கிடந்தது. சிஜு மூச்சுவாங்க வந்து குறுக்கே நின்றார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது எனக்க மண்ணாக்கும். ஆரெங்கிலும் இனி ஒரு வெட்டு வெட்டினா நான் போலீஸ விளிப்பேன்."

"விளி மக்கா," என்றார் ஆனந்தபாய். "தோடு ஆருக்குள்ளதுண்ணு அவங்ககிட்டயும் கேப்போம். அவங்க வாறது வரைக்கும் நாங்க வெட்டிட்டு இருப்போம்."

சிஜு போனை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிர யாரையும் கூப்பிடவில்லை. ஆனந்தபாய் மறுபடியும் மண்வெட்டியை ஓங்கியபோது பொன்னப்பன் கிட்டே வந்து கையை நீட்டினார். ஆனந்தபாய் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கொடுத்தார்.

"ஆழமாட்டு வெட்டணும்," என்றார்.